பின்னோக்கி ஓடும் ஆற்றின் கரையில்

அமெரிக்க நாட்டின் சிகாகோ மாநகருக்குச் செல்வோர் வானளாவிய கட்டடங்களைக் கண்டு வியக்கின்றனர். கடல்போல் பரந்து கிடக்கும் மிச்சிகன் ஏரியின் கரையில் நின்று நிழற்படம் எடுத்துக்கொண்டு திரும்புகின்றனர். நகரின் வடபுறத்தில் மரங்களுக்கிடையே ஓசையின்றிக் கிடக்கும் ஒரு கால்வாயைத் தேடிச் செல்வோர் மிகச் சிலரே. கண்ணைக் கவரும் காட்சிகள் அங்கே அதிகமில்லை. ஆயினும், வீட்டில் துவைத்துப் பிழிந்து நாம் கொட்டும் நீர் இறுதியில் எங்கே போய்ச் சேர்கிறது என்று அறிய விரும்புவோர்க்கு அக்கால்வாய்க் கரை ஒரு நல்ல பாடசாலை. வாசக அன்பர்களை அங்கே அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

ஏரியைக் காக்கத் திரும்பிய ஆறு

கால்வாயைக் காணுமுன் அதன் கதையைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். சிகாகோ ஆறு இயற்கையில் மிச்சிகன் ஏரியில் சென்று விழுந்த ஆறு. நகரம் வளர வளர, வீடுகளின் சாக்கடையும் இறைச்சிக் கூடங்களின் கழிவும் அந்த ஆற்றிலேயே கலந்தன. ஆறோ அவற்றை ஏரியில் கொண்டுபோய்ச் சேர்த்தது. நகர மக்கள் குடித்ததும் அந்த ஏரியின் நீரைத்தான்! தான் கழித்ததையே தான் குடிக்கும் நிலைக்கு ஒரு மாநகரம் வந்துவிட்டது. குடற்காய்ச்சல் பல உயிர்களைக் கொள்ளைகொண்டது.

இதற்குப் பரிகாரம் தேட 1889-ஆம் ஆண்டில் ஒரு துப்புரவு வாரியம் அமைக்கப்பட்டது. வாரியம் கண்ட வழி துணிவானது. ஆற்றின் போக்கையே மாற்றிவிடுவது என்று தீர்மானித்தார்கள். 28 மைல் நீளத்திற்குப் பாறையையும் மண்ணையும் குடைந்து ஒரு பெருங்கால்வாய் வெட்டினார்கள். 1900-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் நாள் அதில் நீர் பாய்ந்தது. ஏரியை நோக்கி ஓடிய ஆறு அன்றுமுதல் ஏரிக்கு முதுகைக் காட்டி ஓடலாயிற்று. நகரின் கழிவு இல்லினாய் ஆற்றின் வழியாக மிசிசிப்பிப் பேராற்றை அடைந்து, முடிவில் மெக்சிகோ வளைகுடாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

சிகாகோ மக்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் மிசிசிப்பியின் கரையில், புனித லூயிஸ் அரசரின் பெயர் தாங்கிய செயின்ட் லூயிஸ் நகரத்தார் அந்த ஆற்றின் நீரையன்றோ குடித்தார்கள்! அவர்கள் வாழும் மிசௌரி மாநிலம் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. தீங்கு போதிய அளவு நிறுவப்படவில்லை என்று 1906-ஆம் ஆண்டில் அவ்வழக்கு தள்ளுபடியாயிற்று. வழக்கு முடிந்தாலும் அது எழுப்பிய கேள்வி முடியவில்லை. நம் வீட்டு வாசலைக் கடந்து போன அழுக்கு, எவருடைய வாசலுக்கும் போகாமல் மறைந்துவிடுகிறதா?

கரையோரமாக ஒரு நடை

நாம் காண வந்த வடகரைக் கால்வாய் 1910-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. ஆற்றின் வடகிளையில் தேங்கிய அழுக்கை ஏரி நீரால் அடித்துக்கொண்டு போகவே இது வெட்டப்பட்டது. வில்மெட் என்னும் சிற்றூரில் ஏரிக்கரையில் தொடங்கி, எவன்ஸ்டன், ஸ்கோக்கி ஆகிய ஊர்களின் ஓரமாகச் சென்று, சிகாகோ நகருக்குள் ஆற்றின் வடகிளையோடு கலக்கிறது. நீளம் சுமார் 12 கிலோமீட்டர்.

தொடக்கத்தில் ஒரு மதகு இருக்கிறது. அதன் அருகே பஹாய் சமயத்தாரின் வெண்ணிற வழிபாட்டு மாளிகை ஒன்பது பக்கங்களோடு விண்ணை நோக்கி நிமிர்ந்து நிற்கிறது. ஏரியின் நீர் இம்மதகின் வழியாக அளவோடுதான் உள்ளே விடப்படுகிறது. ஏரியைச் சுற்றியுள்ள மற்ற மாநிலங்கள் தொடுத்த வழக்கில், சிகாகோ விருப்பம்போல் நீரெடுக்கக் கூடாது என்று 1930-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் வரம்பு விதித்தது. ஆதலால் மேற்பகுதியில் நீர் அசைகிறதா இல்லையா என்றே தெரிவதில்லை. இருமருங்கும் உயர்ந்த கரைகள். அவற்றின்மேல் அடர்ந்த மரங்கள். நிழல் படிந்த நீரில் சில வாத்துகள். இரைச்சல் மிகுந்த மாநகரம் அருகிலிருப்பதையே மறந்துவிடலாம்.

தெற்கு நோக்கி நடந்து ஹவர்ட் தெருவை நெருங்கும்போது காட்சி மாறுகிறது. கரையை ஒட்டிப் பரந்த வளாகம் ஒன்றில் வரிசை வரிசையாகத் தொட்டிகள். 1928-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இதுதான். 13 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களின் வீட்டுக் கழிவுநீர் இங்கே வந்து சேர்கிறது. நாளொன்றுக்குச் சராசரியாகச் சுமார் 126 கோடி லிட்டர் நீரைத் தூய்மை செய்யும் வகையில் இது அமைக்கப்பட்டுள்ளது.

உள்ளே நடப்பது எளிதாக விளங்கக் கூடியதே. முதலில் கம்பிச் சல்லடைகள் கந்தலையும் குப்பையையும் தடுக்கின்றன. பின்னர் மணல் படிகிறது. அடுத்து, நீரை அசையாமல் நிறுத்தி வைத்துக் கனமான கசடைக் கீழே படியவிடுகிறார்கள். அதன்பின் நீருக்குள் காற்றைச் செலுத்த, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பெருகி அழுக்கை உண்கின்றன. அவ்வுயிர்களும் திரண்டு படிந்தபின் தெளிந்த நீர் மேலே நிற்கிறது. 2016-ஆம் ஆண்டு முதல், குளிர்காலம் நீங்கலான மாதங்களில், புற ஊதாக் கதிரால் நோய்க்கிருமிகளையும் அழித்து அந்நீரைக் கால்வாயில் விடுகிறார்கள்.

நிலையத்தின் நீர் வந்து விழும் இடத்திற்குக் கீழே கால்வாய் உயிர்பெற்று ஓடத் தொடங்குகிறது. சொல்லப்போனால், அங்கிருந்து ஓடும் நீரில் பெரும்பகுதி, மக்கள் குளித்ததும் துவைத்ததும் கழித்ததுமான நீரே. ஆனால் நாற்றம் இல்லை, நுரையும் இல்லை. 1970-களில் சிகாகோ ஆற்று வழிகளில் விரல்விட்டு எண்ணத்தக்க மீன் வகைகளே பிழைத்திருந்தன. இன்று 60-க்கும் மேற்பட்ட வகைகள் காணப்படுகின்றன. செத்த ஆறு உயிர்த்திருக்கிறது என்றால் அதில் இத்தகைய நிலையங்களின் பங்கு பெரிது. இதை நன்றியோடு சொல்லிவிட்டுத்தான் மேலே செல்ல வேண்டும்.

வலையில் சிக்கியவை

கால்வாய்க்குக் கிழக்கே, ஏரிக்கரையில், சிகாகோ லயோலாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சென்னை லயோலாக் கல்லூரியின் பெயர் நம் குடும்பங்களுக்குப் புதிதன்று. அதே இயேசு சபைக் குருக்கள் 1870-ஆம் ஆண்டில் நிறுவிய கல்விக்கூடம் இது. வழியின் அன்னை என்னும் மரியன்னையின் திருப்பெயர் கொண்ட அதன் சிற்றாலயம் ஏரியைப் பார்த்தபடி நிற்கிறது.

இப்பல்கலைக்கழகத்தின் டிமதி ஹோலைன், ஜான் கெல்லி ஆகிய பேராசிரியர்களும், அவர்களுடைய மாணவி அமாண்டா மக்கார்மிக்கும், வேறு சிலரும் சேர்ந்து நாம் நடந்துவந்த கால்வாயில் ஓர் ஆய்வு செய்தனர். அதன் முடிவு 2014-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர்கள் செய்தது இதுதான்: சுத்திகரிப்பு நிலையத்தின் நீர் வந்து கலக்கும் இடத்திற்கு மேலேயும் கீழேயும் நுண்ணிய வலைகளைக் கட்டி, அவற்றில் சிக்கியதை உருப்பெருக்கியின் கீழ் வைத்து எண்ணினார்கள். மேற்புறத்தில் ஒரு கன மீட்டர் நீருக்குச் சராசரியாக ஏறக்குறைய 2 பிளாஸ்டிக் நுண்துகள்கள் இருந்தன. கீழ்ப்புறத்திலோ அது ஏறக்குறைய 18! ஒன்பது மடங்கு.

ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர். ஆகவே நான்கு குடம் நீருக்கு ஒரு துகள் என்ற கணக்கு வருகிறது. இவ்வளவுதானா என்று தோன்றலாம். ஆனால் ஒரு கோடி லிட்டர் நீர் ஓடினால் அதில் 1 லட்சத்து 80 ஆயிரம் துகள்கள் போகும் என்று கணக்கிட்டுப் பார்த்தால் அதன் பாரம் புரியும். அங்கே ஒரு நாளில் ஓடுவதோ பல கோடி லிட்டர். அன்றியும், வலையின் கண் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. அதனினும் மெல்லிய இழைகள் பல, வலைக்கும் தப்பி ஓடியிருக்கும்.

அத்துகள்களின்மேல் வாழும் கிருமிகளையும் அவர்கள் ஆராய்ந்தனர். ஆற்று நீரில் மிதக்கும் கிருமிகளும் பிளாஸ்டிக்கின்மேல் ஒட்டி வாழும் கிருமிகளும் வெவ்வேறு கூட்டங்களாக இருந்தன. மனிதருக்குக் குடல்நோய் விளைக்கும் இனங்கள் சில அடங்கிய ஒரு கிருமிக் குடும்பம் பிளாஸ்டிக்கின்மேல் மிகுதியாகக் காணப்பட்டது. இலையும் மரத்துண்டும் நீரில் மக்கிப் போகும். பிளாஸ்டிக் மக்குவதில்லை, தன்மேல் ஏறியதைச் சுமந்துகொண்டு நெடுந்தொலைவு போகும்.

சாடியில் உறங்கும் மீன்கள்

சிகாகோவின் ஏரிக்கரையில் ஃபீல்டு அருங்காட்சியகம் என்னும் புகழ்பெற்ற காட்சிச்சாலை உள்ளது. மக்கள் அங்கே இராட்சதப் பல்லிகளின் எலும்புக்கூட்டைக் காணக் கூடுகின்றனர். பொதுமக்கள் பார்வையில் படாத அறைகளில், பல தலைமுறைகளாகப் பிடித்துச் சேமித்த மீன்கள் சாடிகளில் சாராயத்தில் ஊறிக் கிடக்கின்றன. ஒவ்வொரு சாடியிலும் எந்த ஆறு, எந்த ஆண்டு என்ற குறிப்பு உண்டு.

லயோலாவின் ஆய்வாளர்கள் அம்மீன்களையும் விட்டுவைக்கவில்லை. ஏறக்குறைய 1900-ஆம் ஆண்டிலிருந்து 2018 வரை பிடிபட்ட நான்கு வகை மீன்களின் குடலை எடுத்து, மற்றவற்றையெல்லாம் கரைத்துப் பிளாஸ்டிக்கை மட்டும் மிஞ்சவிடும் மருந்தில் இட்டு ஆராய்ந்தனர். 2021-ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. 1950-க்கு முன் பிடித்த மீன்களில் பிளாஸ்டிக் இல்லை. அதன்பின் பிடித்த மீன்களில் தோன்றியது. காலம் செல்லச் செல்ல ஏறிக்கொண்டே வந்தது. அகப்பட்டவற்றில் பெரும்பாலானவை துணியிலிருந்து உதிர்ந்த இழைகளைப் போன்ற இழைகள். நம் பாட்டனார் காலத்து மீனின் வயிற்றில் இல்லாதது நம் பிள்ளைகள் காலத்து மீனின் வயிற்றில் இருக்கிறது. அரும்பாடுபட்டுத் தூய்மை செய்த நீருக்கு நம்பித் திரும்பி வந்த மீன்களுக்கு நாம் அளிக்கும் உணவு இதுதானா?

மக்கள் நலத்தைப் பற்றி அளவுக்கு மீறி அஞ்சவும் வேண்டுவதில்லை. குடிநீரில் இன்று காணப்படும் அளவினால் உடல்நலத்துக்குத் தீங்கு நேர்வதாகச் சான்று இல்லை என்றும், ஆயினும் ஆய்வு தொடர வேண்டும், பிளாஸ்டிக் மாசைக் குறைக்கவும் வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் அறிவித்தது. பதற்றம் கூடாது, அலட்சியமும் கூடாது.

நூற்றில் இரண்டு

அப்படியானால் சுத்திகரிப்பு நிலையம் தன் வேலையைச் சரிவரச் செய்யவில்லையா என்று கேட்கத் தோன்றும். இதற்கு விடை காண அட்லாண்டிக் மாகடலின் அக்கரைக்கு, ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகருக்குச் செல்ல வேண்டும். அங்கே கிளைடு ஆற்றில் நீரை விடும் ஒரு நிலையத்தைப் பற்றி 2016-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளிவந்தது. உள்ளே வரும் கழிவுநீரில் லிட்டருக்குச் சராசரியாக 15.7 துகள்கள், வெளியேறும் நீரில் 0.25 மட்டுமே. நூற்றுக்கு 98 பங்குக்கும் மேல் நீங்கிவிடுகிறது! எந்தத் தேர்விலும் இது முதல் வகுப்புக்கும் மேலான மதிப்பெண் அன்றோ?

ஆனால் எஞ்சிய இரண்டு பங்குக்கும் குறைவானதை நாளெல்லாம் ஓடும் நீரின் அளவோடு பெருக்கியபோது, ஒரே நாளில் 6 கோடியே 50 லட்சம் துகள்கள் ஆற்றில் கலப்பதாகக் கணக்காயிற்று. அந்நிலையம் 6 லட்சத்து 50 ஆயிரம் பேருக்கானது. தலைக்கு நூறு துகள் என்று வைத்துக்கொள்ளலாம். குற்றம் நிலையத்தின்மேல் இல்லை. மலத்தையும் நோய்க்கிருமியையும் நீக்கவே அது கட்டப்பட்டது. பாலியெஸ்டர் சட்டையின் இழையை நீக்க அன்று.

சரி, நீக்கப்பட்ட 98 பங்கு எங்கே போயிற்று? கசடோடு படிந்தது. சிகாகோவிலும் வேறு பல நகரங்களிலும் பதப்படுத்திய கசடு, வயல்களுக்கு எருவாக அனுப்பப்படுகிறது. எருவோடு இழையும் வயலை அடைகிறது. நூறாண்டுக்கு முன் செயின்ட் லூயிஸ் மக்கள் எழுப்பிய கேள்வி இங்கே மீண்டும் தலைகாட்டுகிறது. ஏரியைக் காத்தோம், ஆறு கெட்டது. ஆற்றைக் காத்தோம், வயலில் சேர்ந்தது. இடம் மாறிற்றேயன்றி அழுக்கு நீங்கவில்லை.

குடும்பங்கள் செய்தது

சட்டத்தால் ஆவது சிறிது உண்டு. முகம் கழுவும் பசைகளிலும் பற்பசையிலும் பளபளப்புக்காகவும் தேய்ப்பதற்காகவும் பிளாஸ்டிக் மணிகளைக் கலந்து வந்தார்கள். சிகாகோ நகரம் அமைந்துள்ள இல்லினாய் மாநிலம் 2014-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலேயே முதன்முதலாக அவற்றைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டில் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. பொருளில் வேண்டுமென்றே சேர்த்ததை இவ்வாறு விலக்கிவிடலாம். ஆனால் உடுக்கும் துணியிலிருந்து தானே உதிரும் இழையைச் சட்டம் போட்டு நிறுத்துவது எளிதன்று. செயற்கை நூலாலான 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை சலவை இயந்திரத்தில் துவைத்தால் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் உதிரக்கூடும் என்று இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தார் 2016-ஆம் ஆண்டில் கண்டனர். பருத்தி கலந்த பாலியெஸ்டரில் இது ஏறக்குறைய 1 லட்சத்து 38 ஆயிரமாகக் குறைந்தது.

இந்நிலையில் மனத்துக்குத் தெம்பளிக்கும் செய்தி ஒன்று உண்டு. மிச்சிகன் ஏரியோடு நீரால் இணைந்தது ஹூரான் ஏரி. அதன் கரையில், கனடா நாட்டில், பேரி சவுண்ட் என்னும் சிறிய ஊர் இருக்கிறது. அவ்வூரில் 97 வீடுகளின் சலவை இயந்திரங்களில், நீர் வெளியேறும் குழாயில், இழைகளைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்றைப் பொருத்தினார்கள். வடிகட்டியில் சேரும் பஞ்சு போன்ற இழையைக் குடும்பத்தார் எடுத்துக் குப்பையில் இட வேண்டும், வேலை அவ்வளவே. அவ்வூர்ச் சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்த வீடுகளில் இவை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அதன்பின் நிலையத்திலிருந்து வெளியேறிய நீரைச் சோதித்தபோது, இழைகள் சராசரியாக நூற்றுக்கு 41 பங்கு குறைந்திருக்கக் கண்டனர். 2021-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு இது. 97 வீடுகள் என்பது நம்மிடையே ஒரு கிளைப்பங்கிலுள்ள குடும்பங்களின் எண்ணிக்கையே. பெரிய நிலையத்தால் பிடிக்க இயலாததை அடுக்களைக்குப் பக்கத்தில் நின்று அச்சிறு கூட்டத்தார் பிடித்தனர்.

வடிகட்டி வாங்க எல்லாருக்கும் இயலாது. ஆயினும் இயன்றவை சில உண்டு. இயந்திரத்தில் துவைப்போர் ஒன்றிரண்டு துணிக்காக அதை ஓட்டாமல், நிறையச் சேர்ந்தபின் ஓட்டலாம். சூடு குறைந்த நீரில் குறைந்த நேரம் துவைக்கலாம். இயந்திரத்தின் வலைப்பையில் சேரும் பஞ்சைத் தண்ணீர்க் குழாயில் அலசி விடாமல், கையால் எடுத்துக் குப்பையில் போடலாம். ஒருமுறை உடுத்தவுடனே துவைக்க வேண்டிய அவசியமில்லாத துணியைக் காற்றாட உலர்த்தி மீண்டும் உடுத்தலாம். புதுத்துணி எடுக்கும்போது, விலையையும் மினுமினுப்பையும் பார்ப்பதோடு, இது பருத்தியா பாலியெஸ்டரா என்று ஒரு கேள்வியும் கேட்கலாம். எடுத்த துணியை நெடுநாள் உழைக்கும்படி பேணலாம். இவற்றில் எதற்கும் பணம் வேண்டுவதில்லை. சிறிது கவனமே வேண்டும்.

சிகாகோவின் பொறியாளர்கள் ஓர் ஆற்றையே திருப்பிவிட்ட ஆற்றலாளர்கள். அவர்கள் கட்டிய நிலையத்தின் தொட்டிகளில் நீர் இன்றும் இரவும் பகலும் தெளிந்துகொண்டிருக்கிறது. ஆயினும் அந்நீரில் எந்த இழை வந்து விழவேண்டும், எது விழவேண்டாம் என்பதைத் தீர்மானிக்கும் இடம் அந்த வளாகத்தில் இல்லை. துணி துவைக்கும் ஒவ்வொரு வீட்டிலும் அது இருக்கிறது. அடுத்த முறை துவைத்த நீரைக் கொட்டும்போது, அது போகும் வழியில் உள்ள ஊர்களையும், அந்நீரில் வாழும் மீன்களையும், அதை எருவோடு ஏற்கும் வயலையும் நம் பிள்ளைகளுக்கு ஒருமுறை சொல்லிக் கொடுப்போமாக.